மூலைக் கட்டில்

தமயந்தி அழ மாட்டாள். அந்த இல்லத்துக்கு யார் வந்தாலும், மூன்றாம் வரிசைக் கடைசியில் சுவரை ஒட்டியிருந்த மூலைக் கட்டிலைக் காட்டி முதலில் இதைத்தான் சொல்வார்கள்.

சாபிரா வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கும் அதையே சொன்னார்கள். சொன்னவள் செங்கொடி. எம்.கே.பி. நகரிலிருந்து வந்துபோகும் இருபத்தைந்து வயது ஆயா.

"பதினெட்டு கொயந்தைல இது ஒண்ணுதாங்கா நமக்கு பேஜாரே குடுக்காது. கீற எடமே தெரியாது," என்றாள்.

அது 2021 ஆகஸ்ட். கொரோனா இரண்டாவது அலை ஓய்ந்திருந்த நேரம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் சந்தில் அந்த இல்லம் இருந்தது. பெற்றவர்கள் விட்டுப்போன குழந்தைகளை இரண்டு வயது வரை வைத்துப் பார்க்கும் இடம். மாடியில் ஒரு நீளமான கூடம். கம்பி வைத்த சின்னக் கட்டில்கள் வரிசைக்கு ஆறாக மூன்று வரிசை. ஒரு ஷிப்டுக்கு இரண்டு ஆயாக்கள்.

சாபிராவுக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. வீடு தண்டையார்பேட்டையில். கணவர் ஜஹாங்கீர் ஒரு லேத்து பட்டறையில் வேலை செய்தார். மூத்த மகன் துபாயில், இளையவன் மொஹ்சின் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி ஹாஸ்டலில். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல்தான் இந்த வேலையைக் கேட்டு வாங்கினாள். குழந்தை வளர்ப்பது தனக்குத் தெரிந்த வேலை என்று நினைத்தாள்.

வந்த பிறகுதான் அங்கே நடப்பது வேறு என்று தெரிந்தது. சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முகக்கவசம் கழற்றக் கூடாது. துணி மாற்றவும் குளிப்பாட்டவும் தவிரக் குழந்தைகளைத் தூக்கக் கூடாது. பால் கொடுக்கும்போதுகூடத் தூக்க வேண்டியதில்லை. துண்டைச் சுருட்டிக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதன்மேல் புட்டியைச் சாய்த்துவிட்டால் குழந்தை தானே குடித்துக்கொள்ளும். பதினெட்டுப் புட்டிகளையும் சாய்த்து முடிப்பதற்குள் முதல் புட்டி காலியாகியிருக்கும். பிறகு துணி. பிறகு தரை துடைப்பு. பிறகு அடுத்த பால்.

சாபிரா தன் பிள்ளைகளைப் பெற்ற வீட்டில் எட்டுக் குடித்தனம். மூத்தவன் நடக்கத் தொடங்கும் வரை அவன் தரையில் கிடந்த நேரம் குறைவு. யாராவது ஒருத்தி இடுப்பில் வைத்திருப்பாள், இல்லையென்றால் எவனாவது வேலைக்குப் போகிறவன் தூக்கி நாலு வார்த்தை கொஞ்சிவிட்டுப் போவான். மல்லாந்து கிடந்து விசிறியைப் பார்த்துக்கொண்டே வளர்கிற குழந்தையை அவள் பார்த்ததில்லை.

அவளை மிரட்டியது அந்தக் கூடத்தின் அமைதி. வெளியே துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரிகள் நாள் முழுக்க ஹாரன் அடித்தன. உள்ளே பதினெட்டுக் குழந்தைகள் இருந்தும் சத்தமில்லை.

இரண்டாவது வாரத்தில் ஒரு புதுக் குழந்தை வந்தது, இரண்டு மாதப் பையன். மூன்று நாள் தொண்டை கட்டும்வரை கத்தினான். நாலாம் நாள் காலையில் கத்தல் நின்றுவிட்டது. உடம்புக்கு ஏதோ என்று பயந்து சாபிரா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடில்லை. கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தான்.

"இன்னா ஆச்சு இவனுக்கு?"

"ஒண்ணியும் ஆவல. பயகிட்டான்," என்றாள் செங்கொடி. "எல்லாமே நாலு நாளு அயுவும்க்கா. அப்பால நின்னுடும்."

தமயந்திக்கு அப்போது ஒன்பது மாதம். பிறந்து பன்னிரண்டாம் நாள் எர்ணாவூர் பேருந்து நிறுத்தத்து நிழற்குடையில் கிடந்தவள். எடை சரியாக இருந்தது. காய்ச்சல் இல்லை, சளி இல்லை. ஆனால் பின்மண்டை தட்டையாகி, அங்கே முடி தேய்ந்துபோயிருந்தது. குப்புற விழவில்லை. தன் விரல்களையே முகத்துக்கு நேராகப் பிடித்து ஆட்டிக்கொண்டிருப்பாள். சாபிரா குனிந்தால் அவள் கண்கள் நழுவி விசிறிக்குப் போய்விடும்.

வாசலுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஜெரி இருந்தான். அவனும் அதே வாரத்தில் வந்தவன். அதே பால் பவுடர், அதே ஊசி, அதே விசிறிக் காற்று. ஆனால் வாசலில் இருந்ததால், போகிற வருகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் பட்டான். கேன் தண்ணீர் போடுகிறவர் "இன்னாடா ஜெரி, நாஷ்டா துன்னியா?" என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவார். கணக்கு எழுத வருகிற பெண் நாக்கை நீட்டி வேடிக்கை காட்டுவாள். தாளில் என்ன எழுதியிருந்தாலும் வாசல் கட்டிலைத் தொடாமல் யாரும் உள்ளே வரவில்லை. ஜெரி உட்கார்ந்தான், தவழ்ந்தான், ஆள் அரவம் கேட்டால் "த்தா, த்தா" என்று கூப்பிட்டான்.

இரண்டு கட்டில்களுக்கும் நடுவே பதினைந்து தப்படி தூரம் இருக்கும். ஒரு மாதம் பார்த்த பிறகு சாபிரா கீழே போய் இல்லப் பொறுப்பாளர் ஜானட்டிடம் சொன்னாள். ஜானட்டுக்கு ஐம்பது வயதிருக்கும், ராயபுரத்துக்காரர். கண்டிப்பானவர்.

"மேடம், அந்த மூலையில கீற கொயந்தைக்கு என்னவோ கொறையுது. யாரும் அது மூஞ்ச பாக்குறதில்ல. அதான்னு எனக்குத் தோணுது."

"எல்லாக் குழந்தையும் ஒண்ணு போலவா இருக்கும், சாபிரா? அதோட அம்மா எந்த நிலைமையில பெத்தாளோ. பிறவியிலேயே ஏதாவது இருக்கும். நீ பாலையும் துணியையும் நேரத்துக்குப் பாரு, போதும்."

அக்டோபரில் ஒரு தம்பதி வந்தார்கள். தத்தெடுக்கப் பதிந்துவைத்து மூன்று வருஷம் காத்திருந்தவர்கள். வரிசைப்படி அவர்களுக்கு வந்த குழந்தை தமயந்தி. செங்கொடி அவளைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வைத்திருந்தாள். அந்தப் பெண் இரண்டு கையையும் நீட்டியபடிதான் கூடத்துக்குள்ளேயே வந்தார். தூக்கினார். தமயந்தி உடம்பை விறைத்து முதுகைப் பின்னால் வளைத்தாள். அந்தப் பெண் "செல்லம், இங்க பாரு, அம்மாவப் பாரு" என்று முகத்தைத் திருப்பத் திருப்பக் குழந்தையின் கண்கள் கூரைக்கே போயின. பத்து நிமிஷம் முயன்றார். பிறகு தயங்கியபடி, மெல்லிய குரலில் ஜானட்டிடம் கேட்டார்.

"மேடம், பாப்பாவுக்குக் கண்ணு தெரியும்தானே?"

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். கண்ணும் காதும் சரியாகவே இருந்தன. ஆனால் வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் அந்தத் தம்பதி வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். தமயந்தியின் கோப்பில் சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தை என்று ஒரு வரி ஏறியது. அந்த வரி ஏறிய பிறகு அவளைக் கேட்டு யாரும் வரவில்லை.

சாபிரா வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். ஜஹாங்கீர் கேட்டதும் எல்லாவற்றையும் சொன்னாள்.

"தூக்குனா இன்னா பண்ணுவாங்க?" என்றார் அவர்.

"வேலைய வுட்டு அனுப்பிடுவாங்க."

"அவ்ளோதான? தூக்கு."

மறுநாள் ஒரு பழைய நூல் புடவையைக் கிழித்து எடுத்துப் போனாள். ஜானட் மாடிக்கு வருவது பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும்தான். மற்ற நேரத்தில் தமயந்தியை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். முகக்கவசத்தை மோவாய்க்குக் கீழே இறக்கிவிட்டாள்.

முதல் நாட்களில் அது பலகையைக் கட்டிக்கொண்டு திரிவது மாதிரி இருந்தது. இடுப்பில் வைத்தால் எந்தக் குழந்தையும் காலால் இடுப்பைக் கவ்விக்கொள்ளும். அதை யாரும் சொல்லித் தருவதில்லை. தமயந்தியின் கால்கள் தொங்கின. கைகளும் தொங்கின. சாபிரா பேசிக்கொண்டே இருந்தாள். "இது பக்கெட்டு. இது ஃபினாயிலு, மூக்க புடிச்சுக்கோ, கலீஜ் நாத்தம். இது யாரு? செங்கொடிக்கா. எப்டி மொறைக்கிறா பாரு."

செங்கொடி உண்மையிலேயே முறைத்தாள். "நீ ஒண்ண கட்டிகினு சுத்துனா பதினேழு என் தலையில வுயுதுக்கா."

"கொஞ்ச நாளு பொறுத்துக்கம்மா."

இருபத்து மூன்றாம் நாள் கைகழுவுவதற்காகத் தமயந்தியை அவிழ்த்துக் கட்டிலில் போட்டாள். நாலு அடி நடந்திருப்பாள். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. தகரத்தைத் தரையில் இழுப்பது போன்ற, கரகரத்த, விட்டுவிட்டு வந்த சத்தம். எங்கிருந்து வருகிறதென்று முதலில் புரியவில்லை. திரும்பினாள். தமயந்தியின் முகம் சிவந்து, வாய் கோணியிருந்தது. கை இரண்டையும் இவள் இருந்த பக்கமாகத் தூக்கியிருந்தாள்.

"செங்கொடி! அயுவுறாடி! என்ன கேட்டு அயுவுறாடி!"

சாபிரா ஈரக் கையோடு ஓடி அவளைத் தூக்கி, தானும் அழுதாள். அந்த நேரத்தில்தான் ஜானட் சத்தம் கேட்டு மேலே வந்தார். அவிழ்ந்து தொங்கும் புடவைத் துணியையும் இறங்கிய முகக்கவசத்தையும் பார்த்தார்.

"நல்லா இருந்த குழந்தைய அழ வெச்சுட்டியே."

"மேடம், இது நல்லா இல்ல மேடம். இப்பதான் நல்லாவுது."

"சுவத்துல எழுதி வெச்சிருக்கிறது எதுக்கு?" ஜானட் அந்தத் தாளைச் சுட்டிக் காட்டினார். "மே மாசம் கொரோனாவுல ஒரு குழந்தை போச்சு, தெரியுமா உனக்கு? மூணு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன். ஆட்டோவுல என் மடியிலதான் போச்சு. எல்லாரும் கொஞ்சிக் கொஞ்சித்தான் அதுக்கு ஒட்டிச்சு. இன்னொண்ண அப்படித் தூக்கிட்டு ஓட என்னால முடியாது."

சாபிராவுக்கு அது தெரியாது. முகக்கவசத்தை மேலே இழுத்துக்கொண்டாள். பிறகு, "டாக்டர்கிட்ட ஒரு தபா கேப்போம் மேடம். அவரு வேணாம்னா நானே வேலைய வுட்டுப் போயிடறேன்," என்றாள்.

மாதத்துக்கு ஒருமுறை வருகிற டாக்டர் நோயல் இளைஞர். எடை பார்ப்பார், ஊசி போடுவார், எழுதுவார், போய்விடுவார். அந்த மாதம் சாபிரா அவரை விடவில்லை. ஜெரியையும் தமயந்தியையும் பக்கத்தில் பக்கத்தில் பாயில் விட்டாள். "ரெண்டும் ஒரே வாரத்துல வந்தது டாக்டர். ஒரே பாலு. கொஞ்ச நேரம் ஒக்காந்து பாருங்க."

அவர் தரையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். ஜெரி அவர் ஸ்டெதாஸ்கோப்பை இழுத்தான், அவர் சிரித்தால் சிரித்தான். தமயந்தி சாபிராவின் புடவை முனையைப் பிடித்தபடி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தாள்.

"குழந்தை ஒரு சத்தம் போடும். பக்கத்துல யாராவது பதில் சத்தம் போடுவாங்க. பார்க்கும், சிரிப்பாங்க," என்று ஜானட்டிடம் சொன்னார் நோயல். "ஒரு நாளைக்கு நூறு தடவை, ஆயிரம் தடவை. அதுலதான் மேடம் மூளை வளருது. பேச்சு, புத்தி, பயம் தெளியறது எல்லாத்துக்கும் அதுதான் அஸ்திவாரம். பதிலே வரலைன்னா, கூப்பிட்டுப் பிரயோஜனமில்லன்னு குழந்தை நிறுத்திடும். பாலும் மருந்தும் அதுக்கு ஈடாகாது." தமயந்தியின் கோப்பைப் புரட்டினார். "நானும் பதினோரு மாசமா எடைய மட்டும் பார்த்து, ஆரோக்கியம்னு எழுதிட்டுப் போயிருக்கேன்."

"சரியாயிடுமா டாக்டர்?" என்று கேட்டாள் சாபிரா.

"கடந்துபோன மாசங்கள் போனதுதான். எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது. இனிமே ஒரு நாளும் விட வேணாம்."

ஜானட் சுவரிலிருந்த தாளைக் கிழிக்கவில்லை. ஆனால் சாபிராவைத் தடுக்கவுமில்லை. இன்னும் நாலு ஆயா வேண்டுமென்று நிர்வாகக் குழுவுக்கு எழுதினார். புது ஆள் எடுக்க அனுமதியில்லை என்று பதில் வந்தது. அந்தக் குழுவில் ஒருவர் தாமாக முன்வந்து, தொற்று வராமலிருக்க, வாசலுக்கும் கட்டில்களுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு ஒன்று போட்டுத் தந்தார். ஜனவரியில் அது வந்தது. தண்ணீர் கேன் தடுப்புக்கு வெளியிலேயே இறங்கியது. வந்தவர்கள் கண்ணாடி வழியே பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த நாட்களில் சாபிராவின் கவனம் முழுக்கத் தமயந்தி மேல்தான் இருந்தது. முதுகுக்கு முட்டுக் கொடுக்காமல் அவள் கொஞ்ச நேரம் உட்காரத் தொடங்கியிருந்தாள். காலையில் ஏழு மணிக்கு இவள் குரல் கேட்டால் தலை திரும்பியது. மூன்று வாரம் கழித்து ஒருநாள் வாசல் பக்கம் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் சாபிரா ஜெரியைக் கவனித்தாள். கட்டில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நடமாடினார்கள். அவன் கூப்பிடவில்லை. முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருந்தான். கம்பியில் நெற்றி பட்ட இடம் கன்றிப்போயிருந்தது.

"இவன் எத்தினி நாளா இப்டி ஆடறான்?"

செங்கொடி வாளிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பொங்கலுக்கு அப்பால."

சாபிரா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தமயந்தி அவள் மார்பில் கட்டியபடி இருந்தாள். "நான் பாக்கவேயில்லயேடி."

"உனக்கு ரெண்டு கைதானக்கா கீது."

"நீ தூக்கக் கூடாதா?"

"தூக்குனா அப்பால வுட முடியாதுக்கா," என்றாள் செங்கொடி. குரல் உயர்ந்தது. "வந்த புச்சுல ஒரு பொண்ணு. ஒரு வருஷம் என் இடுப்புலதான் கெடந்தா. பெங்களூர்லேர்ந்து வந்து கூட்டிகினு போனாங்க. கார்ல ஏத்தறப்ப என் தலமுடிய புடிச்சுகினு வுடல. நான் பத்து நாளு சோறு துன்னல. அன்னிக்கு நெனச்சேன், இனிமே பாலு, துணி, அவ்ளோதான்னு. நானும் மனுசிதான?"

செங்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளியைத் தூக்கிப் போனாள். ஆனால் மத்தியானப் பால் நேரத்தில் துண்டைச் சுருட்டப் போனவள், அதைப் போட்டுவிட்டு, ஜெரியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவன் மூன்று நாள் அவளைப் பார்க்காமலே பால் குடித்தான். நாலைந்து நாளில் ஆட்டம் குறைந்தது. பிறகு அவள் மூக்கைப் பிடித்து இழுக்கத் தொடங்கினான். அவனுக்குள் ஒரு வருஷப் பழக்கம் இருந்தது, திரும்பி வந்துவிட்டான். அந்த மே மாதம் ஒரு மதுரைக் குடும்பம் அவனைத் தத்தெடுத்துக்கொண்டது.

மற்ற பதினாறு பேருக்கு? இரண்டு பெண்களும் முறை வைத்தார்கள். ஒவ்வொரு பாலுக்கும் நாலு குழந்தைகளை மடியில் வைத்துக் கொடுப்பது, மற்றவர்களுக்குத் துண்டு. அடுத்த பாலுக்கு வேறு நாலு பேர். ஜானட்டும் கணக்கெழுதும் பெண்ணும் கிடைத்த நேரத்தில் மேலே வந்து உட்கார்ந்தார்கள். அது போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். மூலையில் ஆள் மாறி இன்னொரு அமைதியான குழந்தை எப்போதும் இருந்தது.

தமயந்தி ஒன்றரை வயதில் நின்றாள். இருபத்து இரண்டாம் மாதத்தில் சாபிராவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பேச்சு வரவில்லை. வேறு யார் கூப்பிட்டாலும் போக மாட்டாள். சாபிரா விடுமுறை எடுத்த நாட்களில் பால் குடிக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று செங்கொடி சொல்வாள். அதைக் கேட்கச் சாபிராவுக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

நவம்பரில் அவளுக்கு இரண்டு வயது. இரண்டு வயதுக்கு மேல் அங்கே வைத்திருக்க முடியாது. ஜஹாங்கீர் லீவு போட்டுவிட்டு வந்து ஜானட்டின் மேசைக்கு முன் நின்றார்.

"எங்களுக்கே குடுத்துடுங்க மேடம். வூட்ல எடம் கீது. நாங்க பாத்துக்கறோம்."

ஜானட் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். "உங்க ரெண்டு பேர் வயசையும் கூட்டினா சட்டம் சொல்ற கணக்கைத் தாண்டுது, பாய். மூணு இடத்துல கேட்டுட்டேன். முடியாதுன்னுட்டாங்க."

"வயசானா பாசம் வத்திப்பூடுமா?"

ஜானட் தமயந்தியின் கோப்பை மூடினார்.

மாத்தூருக்கு அப்பால், சிறப்புக் குழந்தைகளுக்கான ஓர் இல்லத்தில் இடம் கிடைத்தது. போகிற நாளில் சாபிரா லீவு எடுத்துக்கொள்ளலாம் என்றார் ஜானட். அவள் மறுத்து, வேனில் தானும் ஏறினாள். வழியெல்லாம் தமயந்தி அவள் மடியில் நின்றபடி ஜன்னலைத் தட்டிக்கொண்டு வந்தாள். வேனில் போவது அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த இல்லத்தின் வராந்தாவில் ஒரு பெண் வாங்கிக்கொள்ளக் கை நீட்டியபோதுதான் அவளுக்குப் புரிந்தது. சாபிராவின் புடவையைப் பற்றிக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஒரு கையைப் பிரித்தால் மறுகை பற்றியது. கடைசியில் சாபிராவே அதைச் செய்தாள்.

"மூணு மாசம் வராதீங்கம்மா," என்றார்கள் அங்கே. "வந்துக்கிட்டே இருந்தா புள்ள இங்க ஒட்டாது."

மூன்று நாள் சாபிராவுக்கு எதுவும் ஓடவில்லை. அந்த மூன்று நாளும் தமயந்தி என்ன செய்துகொண்டிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். நாலாம் நாள் காலை புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தவள், கையை எடுத்துவிட்டுத் தண்ணீரைத் திறந்தபடியே விட்டு நின்றாள்.

"நின்னுடிச்சுடி. இன்னிக்கு நின்னிருக்கும்," என்றாள்.

செங்கொடி குழாயை மூடினாள்.

மார்ச் மாதம் இரண்டாவது சனிக்கிழமை சாபிராவும் ஜஹாங்கீரும் மாத்தூருக்குப் போனார்கள். பழங்களும் பிஸ்கட்டும் வாங்கியிருந்தார்கள். வழியில் சாபிரா, "கோவமா இருந்தா இன்னா பண்றது? மூஞ்ச திருப்பிக்கினா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கேட்டைத் திறந்து முற்றத்துக்குள் நுழைந்ததும், எட்டுப் பத்துக் குழந்தைகள் நடுவிலிருந்து தமயந்தி எழுந்து ஓடிவந்தாள். நேராகச் சாபிராவின் மேல் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"மறக்கலீங்க. பாத்தீங்களா, மறக்கலீங்க," என்று சாபிரா விம்மினாள். ஜஹாங்கீர் திரும்பி நின்று கைக்குட்டையை எடுத்தார்.

அப்போது சிலிண்டர் போடுகிறவர் கேட்டுக்குள் வந்தார். தமயந்தி சாபிராவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, அவரிடம் ஓடி, அதே மாதிரி அவர் காலைப் பற்றி ஏறினாள். அவர் சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டு அவளைத் தூக்கினார். அவர் கழுத்தையும் கட்டிக்கொண்டாள். அடுத்து வேறொரு குழந்தையைப் பார்க்க வந்த ஒரு பெரியவர். அவரிடமும் போனாள். அவர் கொடுத்த மிட்டாயைக்கூடப் பார்க்கவில்லை, தோளில் தலையை வைத்துக்கொண்டாள்.

"இவ எல்லார்கிட்டயும் போவா," என்றார் அங்கே இருந்த பராமரிப்பாளர். "முதல் மாசம் யார்கிட்டயும் வரல. அதுக்கப்புறம் இப்படி. ரோட்டுல போறவன் கை நீட்டினாக்கூடக் கூடவே போயிடுவா. அதனாலதான் கேட்டைப் பூட்டியே வெச்சிருக்கோம்."

சாபிரா அந்தப் பெரியவரின் தோளில் கிடந்த முகத்தைப் பார்த்தாள். தன் கழுத்தைக் கட்டியிருந்தபோதும் அது இதே முகம்தான்.

திரும்பும் பேருந்தில் வெகுநேரம் கழித்து, "நான் தூக்காமலே வுட்டிருந்தா?" என்று கேட்டாள்.

"அப்ப நடந்திருக்க மாட்டா," என்றார் ஜஹாங்கீர்.

அடுத்த வருஷம் செங்கொடி வேலையை விட்டுவிட்டுப் பெரம்பூர் பக்கம் ஒரு தையல் கம்பெனிக்குப் போனாள். இயந்திரத்தோடு பேச வேண்டியதில்லை என்றாள். இல்லத்தில் இப்போது ஷிப்டுக்கு மூன்று ஆயாக்கள். நோயல் ஆறு முறை எழுதி, ஜானட் இரண்டு முறை நேரில் போய்ச் சண்டை போட்டு வாங்கிய ஓர் ஆள் கூடுதல். சாபிரா அங்கேதான் இருக்கிறாள். புதிதாக வருகிற குழந்தையை முதல் நாலு நாள் அவள் கீழே விடுவதில்லை.

தமயந்திக்கு ஐந்து வயது ஆகப்போகிறது. பதினொரு வார்த்தைகள் வந்திருக்கின்றன. தண்ணி, பன்னு, வேணாம், வண்டி, குளிரு என்று இப்படி. அதில் ஆள் பெயர் ஒன்றுகூட இல்லை. சாபிரா ஒவ்வொரு இரண்டாவது சனிக்கிழமையும் போகிறாள். போன முறையும் தமயந்தி ஓடிவந்து மடியில் ஏறினாள், சற்று நேரத்தில் இறங்கி, பெயின்ட் அடிக்க வந்த ஒருவரிடம் போனாள். அவரிடமிருந்து இன்னொருவரிடம். பிறகு மறுபடி சாபிராவிடம் வந்து, முதல் தடவை பார்ப்பது போலவே ஏறி உட்கார்ந்தாள். சாபிரா அவள் தலையைக் கோதி, "நான் சாபிரா. சா-பி-ரா," என்று வாயைக் காட்டிச் சொன்னாள். தமயந்தி அந்த வாயை உற்றுப் பார்த்தாள், கையால் தொட்டாள், பிறகு இறங்கிப் போனாள். அவள் ஒவ்வொரு தோளாக மாறி மாறிப் போவதைப் பார்த்தபடி, நாலு மணிக்கு வெளியாட்களை அனுப்பும்வரை சாபிரா முற்றத்துத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள்.